வெள்ளிக்கிழமை மூணு மணிக் கூட்டம்

நகரத்துல இருக்கிற நண்பர்களுக்கு 'பேரன்ட்ஸ் மீட்டிங்' என்றால் என்னவென்று தெரியும். அரை நாள் லீவு போட்டு, நல்ல சட்டை போட்டு, மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்து, டீச்சர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவது. எங்க பக்கம் நடக்கிற கூட்டம் வேற மாதிரி. அதைப் பற்றி எழுதணும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பூ சீசன் விடவில்லை. இப்போது மழை பிடித்துக்கொண்டு வயலுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன், எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்குக் கிழக்கே. கீரமங்கலம் பூ மார்க்கெட் எங்களுக்குப் பக்கம். முல்லை, மல்லி, காக்கரட்டான், சம்பங்கி, செண்டி என்று சுற்றுவட்டாரம் பூராவும் பூதான். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, எங்க வீட்டைப் போலப் பல வீடுகளுக்குக் கையில் காசு புரள்வது பூவால்தான்.

எங்க ஊரில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. எட்டாவது வரைக்கும். அங்கே பள்ளி மேலாண்மைக் குழு கூடுவது மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூணு மணிக்கு. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்திலேயே இந்தக் குழு இருக்கிறது. நாலில் மூணு பங்கு ஆட்கள் அங்கே படிக்கிற பிள்ளைகளின் பெற்றோராக இருக்கணும், மொத்தத்தில் பாதி பெண்களாக இருக்கணும். சட்டம் வந்து பல வருஷம் இது காகிதத்தில்தான் இருந்தது. நோட்டு வீட்டுக்கு வரும், எங்கே காட்டினார்களோ அங்கே கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். 2022-ல்தான் 'நம் பள்ளி நம் பெருமை' என்று சொல்லி, தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி உட்காரவைத்து, 20 பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக்கினார்கள். அதில்தான் நானும் உள்ளே போனேன். எட்டாங்கிளாஸ் வரைக்கும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்ற ஒரே தகுதி.

குழு அமைத்தவுடன் பயிற்சி கொடுப்பார்கள். வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வருவார். குழுவுக்கு என்ன அதிகாரம், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எப்படி எழுதுவது, நின்றுபோன பிள்ளையை எப்படித் திரும்பச் சேர்ப்பது, சத்துணவைச் சாப்பிட்டுப் பார்க்க நமக்கு உரிமை உண்டா என்பதெல்லாம் சொல்வார்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண், 14417 என்ற கல்வி உதவி எண். இதையெல்லாம் ஒரு நாளில் கொட்டினால் எவ்வளவு மண்டையில் நிற்கும்? முதல் பயிற்சியில் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டணும், சரம் கட்டணும். ஆனால் அன்றைக்கு வந்த பயிற்றுநர் அம்மா ஒன்று சொன்னார், அது மட்டும் எல்லோருக்கும் பிடிபட்டது. "உங்களுக்குப் படிக்கத் தெரியணும்னு இல்ல. ராத்திரி பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சு, இன்னைக்குப் படிச்சத வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்க. எங்க திக்குதுன்னு காதுக்குத் தெரியும்ல? அதை மறுநாள் எங்ககிட்ட வந்து சொல்லுங்க. அது போதும்."

இதைக் கேட்டதும் எனக்கு 1991 ஞாபகம் வந்தது.

இந்த மாவட்டத்தில் பெற்றோர் படிப்பு என்பது 2022-ல் புதிதாக முளைத்த சரக்கு இல்லை. 1990 பிப்ரவரியில் கேரளாவில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று அறிவித்தார்கள். அந்தச் சூட்டோடு மறு வருஷம் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்து ஆட்கள், கல்லூரி ஆசிரியர்கள், எங்களைப் போன்ற வேலையில்லாத பையன்கள் பிள்ளைகள் என்று ஒரு பெரிய கூட்டமே இறங்கியது. சம்பளம் கிடையாது. கலைக்குழு ஊர் ஊராக வந்து நாடகம் போடும், பாட்டுப் பாடும். மறுநாளே அந்த ஊரில் வகுப்பு ஆரம்பமாகும். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு அப்பாவோடு வயலில் கிடந்த காலம். எங்க வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்து 12 பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

மண்வெட்டி பிடித்த கைக்குப் பென்சில் நிற்காது. இது புத்தகத்தில் இருக்காது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அழுத்துகிற அழுத்தில் சிலேட்டுக் குச்சி படக்கென்று ஒடியும். "நாத்து நடுற மாதிரி மேலாக்கப் பிடிங்க சித்தி" என்று சொன்ன பிறகுதான் ஒருத்தருக்கு 'ட' வந்தது. அகர வரிசை எல்லாம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. முதலில் கேட்டது தன் பேரை எழுத. அடுத்து பஸ் போர்டு. "ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் ரெண்டுக்கும் 'ஆ'வா 'அ'வான்னு தெரிஞ்சா போதும் தம்பி, கண்டக்டர்கிட்ட பேச்சு வாங்க வேணாம்" என்றார் அந்தச் சித்தி. (சொந்தச் சித்தி இல்லை. பங்காளி வீட்டுக்காரர். எங்க ஊரில் ஒண்ணுவிட்டதும் ரெண்டுவிட்டதும் எல்லாம் சித்திதான்.)

அறிவொளி என்றால் வெளியே இருப்பவர்களுக்கு ஞாபகம் வருவது சைக்கிள். படிப்பு சொல்லிக் கொடுக்கிற பெண்கள் ஊர் விட்டு ஊர் போகணுமே, எப்படிப் போவது? அதற்காக ஆரம்பித்தது தீயாகப் பிடித்துக்கொண்டது. பி.சாய்நாத் தன்னுடைய 1996 புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். ஒரு லட்சத்துக்கு மேல் கிராமத்துப் பெண்கள் இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 70,000 பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை, அதனால் ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிளிலேயே பழகினார்கள். பிறகு அதுவே வசதி என்று ஆகிவிட்டது. முன்னால் அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் பாருங்கள்! சித்தி பழகியது எங்க அப்பாவின் சைக்கிளில். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கண்மாய்க் கரையில் விழுந்து எழுந்த அந்த ஒரு வாரம், டீக்கடையில் அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. என்னென்ன பேசினார்கள் என்று இங்கே எழுத முடியாது.

அதே சமயத்தில்தான் கல் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டதும் நடந்தது. 1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள்.

இதில் ஒரு உண்மையைச் சொல்லணும். அன்றைக்குப் படித்தவர்களில் எழுத்தை மறந்துபோனவர்கள் நிறையப் பேர். என் திண்ணையில் உட்கார்ந்த 12 பேரில் இன்றைக்கு பேப்பர் வாசிக்கக்கூடியவர்கள் என்று பார்த்தால் மூணு பேர் தேறுவார்கள். எழுத்து என்பது உழவு மாதிரி, நாலு வருஷம் போடாமல் விட்டால் புல் மண்டிவிடும். இதை வைத்து "அறிவொளி தோல்வி" என்று எழுதினவர்களும் உண்டு. அவர்கள் கணக்கு எனக்கு ஒப்புதல் இல்லை. ஏனென்றால் அந்த 12 பேரின் பிள்ளைகளில் ஒருத்தர்கூட அஞ்சாவதோடு நிற்கவில்லை. அதுக்கு முந்தின தலைமுறையில் எங்க தெருவில் பெண்பிள்ளை ஆறாவது போவதே அதிசயம். சத்துணவு, பஸ் வசதி, நாட்டு நிலவரம் என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் புகழையும் என் அரிக்கேன் விளக்குக்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டி உள்ளே போய் "எம்பிள்ள எப்படிப் படிக்குது சார்?" என்று கேட்கிற தைரியம் அந்தப் பெண்களுக்கு அந்த ஒன்றரை வருஷத்தில் வந்தது. நான் கண்ணால் பார்த்தேன். எழுத்து மறந்தாலும் அது மறக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் இந்தப் புதுக்கோட்டைக்கு முத்துலட்சுமி ரெட்டி கதையே இருக்கிறது. 1886-ல் இங்கே பிறந்தவர். பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் ராஜா அனுமதி கொடுத்துச் சேர்ந்தபோது, எதிர்ப்புக் கிளப்பியவர்களில் பெற்றோர்களும் உண்டு. ஒரு பெண் உட்கார்ந்தால் தங்கள் பிள்ளைகள் கெட்டுவிடும் என்ற பயம். படிப்புக்குக் குறுக்கே நிற்பது எப்போதும் காசு மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன்.

வருவது பெண்கள்தான். குழுவில் பேர் இருக்கிற ஆண்களில் ரெண்டு பேர் சிங்கப்பூரிலும் ஒருத்தர் துபாயிலும் இருக்கிறார்கள். ஊரில் இருக்கிறவர்கள் "அவ போவா" என்று விட்டுவிடுகிறார்கள். துபாய்க்காரர் மட்டும் ஒருமுறை வாட்ஸ்அப் வீடியோவில் வந்தார், அங்கே அன்று லீவாம். ஊரில் டீக்கடையில் இருந்தவர்கள் வரவில்லை, துபாயிலிருந்து வந்துவிட்டார் என்று பெண்கள் அடித்த கிண்டலில், அடுத்த மாதம் நாலு பேர் வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த மாதம் பழையபடி.

முதலில் சூடாகப் பேசியது தூக்கத்தைப் பற்றி. ரெண்டாம் கிளாஸ் டீச்சர் எழுந்து சொன்னார்: "காலையில முதல் பீரியட்ல ஏழெட்டுப் பிள்ளைங்க தூங்கி விழுதுங்க. பூ எடுக்கக் கூட்டிட்டுப் போறீங்களா? சின்னப் பிள்ளைங்கள வேலைக்குக் கூட்டிட்டுப் போறது சட்டப்படி தப்பு." குரலில் கொஞ்சம் அதட்டல் இருந்தது.

பூ விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முல்லையும் மல்லியும் மொட்டாக இருக்கும்போதே எடுத்தாகணும். விரிந்தால் விலை போச்சு. ராத்திரி மூணு, நாலு மணிக்குத் தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போவார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் மார்க்கெட்டில் கமிஷன் கடைக்குப் போய்ச் சேரணும். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும். மறுநாளே அதே பூ சீந்துவார் இல்லாமல் கிடக்கும். அதனால் விலை இருக்கிற அன்றைக்கு யாரும் தூங்க மாட்டார்கள்.

டீச்சர் சொன்னதுக்குக் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு சின்ன வயசுப் பெண், துபாய்க்காரர் வீட்டு மருமகள், எழுந்தது. "பூ எடுக்கவா கூட்டிட்டுப் போறோம் டீச்சர்? அதுக்கு ஒரு கை மொட்டு எடுக்கத் தெரியாது. வீட்ல தனியா விட்டுட்டுப் போகப் பயம். அதான் தூக்கிட்டுப் போயி வரப்புல சாக்கு விரிச்சுப் படுக்க வைக்கிறோம். பனியில எங்க தூங்கும்?"

டீச்சருக்கு இது தெரியாது. பதினொரு வருஷமாக அதே பள்ளிக்கூடத்தில் இருக்கிறார், டவுனிலிருந்து வந்து போகிறவர், பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? அதே மாதிரி அந்தப் பெண்ணுக்கும் ஒன்று தெரியாது. காலையில் முதல் நேரத்தில்தான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்குகிறார்கள் என்பதும், அந்த நேரம் தூங்குகிற பிள்ளைக்கு மத்தியானம் திரும்பச் சொல்லித்தர ஆள் இல்லை என்பதும். பெற்றோருக்குப் பயிற்சி என்று சொல்கிறோமே, அன்றைக்கு ரெண்டு பக்கமும்தான் நடந்தது.

அந்த மாசமே ஒரு வழி பண்ணினார்கள். எங்க தெருவில் மூணு வீட்டுப் பாட்டிகளுக்குள் பேச்சு. பூ சீசனில் தெருப் பிள்ளைகள் முன்னிரவே அவர்கள் வீட்டுத் திண்ணையில் வந்து படுத்துக்கொள்ளும். விடிந்ததும் பாட்டி எழுப்பி, முகம் கழுவிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடும். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்துவிட்டதால் சோறு பற்றிய கவலை இல்லை. அஞ்சாவது வரைக்கும் அங்கேயே உப்புமாவோ பொங்கலோ கிடைத்துவிடும். பாட்டிகளுக்குக் கூலி உண்டு. வெற்றிலை பாக்கு, விலை நல்லா இருக்கிற அன்றைக்கு ஒரு முழம் பூ, அப்புறம் பேச ஆள்.

ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பிள்ளைகள் விஷயம் இப்படி முடியவில்லை. அவர்கள் நிஜமாகவே பூ எடுக்கிறார்கள். சனி ஞாயிறு எடுத்தால் சரி, பள்ளிக்கூட நாளில் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். தீர்மானம் நோட்டில் இருக்கிறது. முகூர்த்த நாளில் யார் வீட்டில் யார் போய்ச் சொல்வது?

எனக்கு உண்மையில் எழுத வேண்டும் என்று தோன்றியது சித்தி வீட்டு விஷயம்.

சித்திக்கு இப்போது அறுபதுக்கு மேல். மகனுக்கு சிங்கப்பூரில் கட்டட வேலை. பேத்தி போன ஏப்ரலில் எட்டாவது முடித்தது. எங்க ஊரில் அதோடு முடிந்தது. ஒன்பதாவதுக்கு ஏழு கிலோமீட்டர் போகணும். டவுன் பஸ் எங்க ஊர் ஸ்டாப்புக்கு வருவதே ஒன்பதே கால். பஸ் பாஸ் இலவசம், ஆனால் பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகு கொண்டுபோய் இறக்கும் பஸ்ஸில் இலவசமாகப் போய் என்ன? சாயங்காலம் வீடு திரும்ப ஆறரை ஆகும். அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறது, உண்மை. எப்போது? பிளஸ் ஒன் சேர்ந்த பிறகு. எங்களைப் போல எட்டாவதோடு முடிகிற ஊர்களில் பிள்ளை தடுக்கி விழுகிற இடம் ஒன்பதாவது வாசல். சைக்கிள் நிற்பதோ ரெண்டு வருஷம் தள்ளி. இந்த ஒரு விஷயத்தை யாராவது கோட்டையில் இருப்பவர்கள் காதில் போட்டால் நல்லது.

பிள்ளையின் அம்மா முடிவு பண்ணிவிட்டது. "போதும். அவர் ஊர்ல இல்ல, இருட்டுன பிறகு பஸ் ஸ்டாப்புல போயி நான் நிக்க முடியுமா? வீட்ல இருந்து தையல் பழகட்டும், பூ எடுக்கட்டும்." கெட்ட தாய் என்று நினைத்துவிடாதீர்கள். தனி ஆளாக மாடு, கொல்லை, மாமியார், ரெண்டு பிள்ளை என்று பார்க்கிறவர். அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது.

மே மாசக் கூட்டத்தில் எட்டாவது முடித்த பிள்ளைகள் பட்டியலை எடுத்து, யார் யார் எங்கே சேர்ந்தார்கள் என்று தலைமையாசிரியர் கேட்டார். இது பயிற்சியில் சொன்னதுதான்: நின்றுபோன பிறகு தேடாதே, நிற்கப் போகிற பிள்ளையை முன்னாலேயே பார். ஒன்பது பேரில் அஞ்சு பேர் சேர்ந்தாச்சு. பாக்கி நாலும் பெண்பிள்ளைகள். நாலுக்கும் காரணம் பஸ்.

அப்போது குழுத் தலைவியாக இருக்கிற பெண் பேசினார். பத்தாவது ஃபெயில், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். "ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சிட்டு காலேஜ் போனா மாசம் ஆயிரம் ரூபா புதுமைப் பெண் திட்டத்துல வருது. நடுவுல நிறுத்தினா அது போச்சு. மூணு வருஷத்துக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க." எல்லோரும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். சித்தியின் மருமகளும் போட்டது முகத்தில் தெரிந்தது. ஆனால் காசு அவர் பிரச்சினை இல்லையே. இருட்டுதானே பிரச்சினை.

சித்தி குழுவில் உறுப்பினர் இல்லை. பேத்தியைக் கூப்பிட வந்த சாக்கில் வராண்டாத் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்தே சொன்னது: "சைக்கிள்ல போவட்டும்."

"ஏழு கிலோமீட்டர் அத்தை. ஒத்தப் பிள்ள."

"ஒத்தப் பிள்ள ஏன்? நாலு இருக்குல்ல? ஒரு மாசம் நான் கூடப் போறேன்."

கூட்டத்தில் சிரிப்பு. அறுபது வயசில் கிழவி சைக்கிள் மிதிக்கப் போகிறதாம். சித்தி சிரிக்கவில்லை. "நான் அறிவொளியில பதினாலு கிலோமீட்டர் மிதிச்சவ. இந்தா, இவன்கிட்ட கேளுங்க" என்று என்னைக் காட்டியது. நான் ஆமாம் என்றேன்.

நாலு சைக்கிளுக்கு வழி பிறந்த கதை நீளம். எங்க பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் அரசு கொடுத்த சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கும், எல்லோரும் இப்போது மொபெட்டுக்கு மாறிவிட்டார்கள். மூணை அப்படிப் பிடித்தோம். டயர், டியூப், பிரேக் கட்டை மாற்ற, கடைக்காரர் வேலைக்குக் கூலி வாங்கவில்லை. நாலாவது பழசு ஒன்றை விலைக்கு வாங்கினோம். சித்தியின் மருமகள் பத்து நாள் பேசவே இல்லை. பதினோராம் நாள் கட்டைப்பையில் நோட்டுப் புத்தகத்தைக் கட்டி கேரியரில் வைத்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து மகன் என்ன பேசினானோ, மாமியார் மருமகளுக்குள் என்ன நடந்ததோ, நான் கேட்கவில்லை.

சித்தி ஒரு மாசம் என்றது. பதினேழு நாள் போனது, அப்புறம் முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குள் பிள்ளைகளுக்கு வழி பழகிவிட்டது. வழியில் எந்தக் கடையில் தண்ணீர் கேட்கலாம், எந்த வீட்டு நாய் துரத்தும், டாஸ்மாக் இருக்கிற வளைவில் நிற்காமல் எப்படிப் போவது என்பதெல்லாம் அது சொல்லிக் கொடுத்த பாடம். இப்போது நாலும் ஒன்றாகக் காலை எட்டு மணிக்குக் கிளம்புகின்றன. மழை நாளில்தான் சிரமம். தார் ரோட்டில் அரை கிலோமீட்டர் பள்ளம், சேறு. நேற்றும் இன்றும் போகவில்லை.

பஸ் நேரத்தை அரை மணி முன்னால் மாற்றச் சொல்லி, குழுத் தீர்மானத்தோடு டிப்போவில் மனு கொடுத்திருக்கிறோம். கிராம சபையிலும் வைத்தாச்சு. மனுவின் நகலைத் தலைவி கூட்டத்தில் வாசித்தார், கீழே 31 பெண்கள் கையெழுத்து. கைநாட்டு ஒன்றுகூட இல்லை. சித்தியின் கையெழுத்தில் மட்டும் கடைசி எழுத்து, 1991-ல் எழுதினது மாதிரியே, அழுத்தி அழுத்திக் காகிதத்தைக் கிழித்துவிடும்போல இருந்தது.

மனு கொடுத்து மூணு மாசம் ஆகிறது. பஸ் இன்னும் ஒன்பதே காலுக்குத்தான் வருகிறது. வருகிற வெள்ளிக்கிழமை அதைத்தான் முதலில் எடுக்கிறோம். அப்புறம் பள்ளிக்கூடத்துத் தண்ணி மோட்டார்.